அரசின் பணமும் கருவின் உயிரும்

ஆண்டவரின் பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது நாம் வேகமாகக் கடந்துபோய்விடும் ஓர் இடம் மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யூதாசு மனம் வருந்தி, வாங்கிய முப்பது வெள்ளிக்காசுகளையும் கோவிலில் எறிந்துவிட்டுப் போகிறான். தலைமைக் குருக்கள் அவற்றை எடுக்கிறார்கள். எடுத்த கையோடு அவர்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் வந்துவிடுகிறது. இது இரத்தம் சிந்தக் கொடுத்த பணம் ஆயிற்றே, இதைக் கோவில் கருவூலத்தில் போடலாமா? கூடிப் பேசுகிறார்கள். போடக் கூடாது என்று முடிவாகிறது. அந்தப் பணத்தில் அந்நியரை அடக்கம் செய்யக் குயவன் நிலத்தை வாங்குகிறார்கள். ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் கல்லறை கொடுப்பது நல்ல காரியம்தானே! ஆனால் அந்தக் காசை முதலில் எண்ணிக் கொடுத்தவர்கள் யார் என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டத்தில் எழவே இல்லை.

கருவின் ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அரசு பணம் தரலாமா என்ற கேள்வியை இன்று சிந்திக்கும் நமக்கு அந்தக் கூட்டம் நினைவில் இருக்கட்டும். இந்த விவாதம் மிக நீளமாகவும் மிக வெளிப்படையாகவும் நடந்த நாடு அமெரிக்கா. ஆகவே அங்கு நடந்ததைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம். நம் ஊருக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்வோம்.

ஸ்டெம் செல் என்றாலே திருச்சபை எதிர்க்கிறது என்று நம் மக்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள். வாழையின் குருத்திலிருந்து இலை பிறப்பதுபோல, உடலின் மற்றச் செல்கள் பிறக்கும் மூலச் செல் அது. நம் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் கிடைக்கிறது. இரத்தப் புற்றுநோயாளிக்கு அண்ணனோ தங்கையோ மஜ்ஜை கொடுத்துப் பிழைக்க வைக்கிறார்களே, அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். அந்த வழியைத் திறந்த மருத்துவர்களில் ஒருவரான டோனல் தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. கொடுப்பவர் உயிரோடு இருக்கிறார், வாங்குபவரும் பிழைக்கிறார். இதைத் திருச்சபை ஆசீர்வதிக்கிறது. 2011 நவம்பரில் இத்தகைய செல்களைப் பற்றி வத்திக்கானிலேயே ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. ஆகவே யாராவது மஜ்ஜை தானம் செய்யக் கேட்டால், சாமியார் வேண்டாம் என்றார் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. 1998 நவம்பரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் என்ற அறிவியலாளர் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினார். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் உருவாகி, பெற்றோருக்குத் தேவைப்படாமல் போன கருக்கள் அவை. ஐந்தாறு நாள் வயதில் கரு நூறு, நூற்றைம்பது செல்கள் கொண்ட சிறு பந்துபோல் இருக்கும். வெளியே ஒரு தோடு; உள்ளே ஒரு பக்கமாக ஒரு சிறு திரள். அந்தத் திரளிலிருந்துதான் குழந்தையின் இதயமும் மூளையும் எலும்பும் உருவாக வேண்டும். அதை எடுத்துவிட்டால் கரு அத்துடன் முடிந்தது. எடுத்த செல்களோ ஆய்வகத்தில் பெருகிக்கொண்டே போகும். உடலின் எந்தச் செல்லாகவும் அவற்றை மாற்றலாம் என்பதால்தான் அவற்றின்மேல் அவ்வளவு நம்பிக்கை. நடுக்குவாதம், சர்க்கரை நோய், முதுகுத்தண்டு முறிவு என்று எத்தனையோ குடும்பங்கள் அந்தச் செய்தியைக் கண்ணீரோடு வாசித்தன. அவர்களை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. கை நடுங்கிக் கஞ்சிக் கரண்டியைப் பிடிக்க முடியாத தகப்பனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்கு இது தத்துவ விவாதம் அல்ல.

அந்த ஐந்து நாள் கரு யார்? 1987இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட 'தோனும் வீத்தே' என்ற அறிவுரை இதற்கு நிதானமாகப் பதில் சொல்கிறது. ஆன்மா எந்த நொடியில் வருகிறது என்ற தத்துவக் கேள்விக்கு அது முடிவுரை எழுதவில்லை. ஆனால் கருத்தரித்த நொடியிலிருந்தே ஒரு மனித ஆளுக்குரிய மதிப்பு அந்தக் கருவுக்குத் தரப்பட வேண்டும் என்கிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் ஆன்மா பிந்தித்தான் வருகிறது என்று எழுதினாரே என்று சிலர் கேட்பார்கள். எழுதினார், உண்மைதான்; அரிஸ்டாட்டிலின் உயிரியலை வைத்து எழுதினார். சினைமுட்டை என்ற ஒன்றை அவர் காலத்தில் யாரும் கண்டதில்லை. ஐயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று தெரியாத வேட்டைக்காரன் அம்பை விடலாமா?

லூக்கா நற்செய்தியில் மரியா யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போகும் காட்சியையும் எண்ணிப் பாருங்கள். எலிசபெத்துக்கு அது ஆறாம் மாதம். மரியாவின் வயிற்றிலோ நாள் கணக்கில் வயதுள்ள கரு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஆறு மாதப் பிள்ளை துள்ளியது அந்தக் கண்ணுக்குத் தெரியாத கருவின் முன்னால்தான்.

இனி பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் தருவது அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள். அது மக்களின் வரிப்பணம். 1996 முதல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒவ்வோர் ஆண்டும் நிதி மசோதாவில் ஒரு விதியைச் சேர்த்து வருகிறது. ஆராய்ச்சிக்காகக் கருவை உருவாக்கவோ, கரு அழிக்கப்படும் ஆராய்ச்சிக்கோ இந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது அந்த விதி. கொண்டுவந்த இரு உறுப்பினர்களின் பெயரால் டிக்கி-விக்கர் திருத்தம் என்று அதைச் சொல்வார்கள். தாம்சனின் சோதனை தனியார் பணத்தில் நடந்ததற்கு இதுவே காரணம்.

செல்கள் கிடைத்துவிட்டன என்றதும் அரசின் சட்ட ஆலோசகர்கள் கூடினார்கள். 1999 சனவரியில் நலவாழ்வுத் துறையின் தலைமைச் சட்ட அலுவலர் ஒரு கருத்துரை தந்தார். ஸ்டெம் செல் என்பது கரு அல்ல, அதைக் கருப்பையில் வைத்தாலும் குழந்தையாக வளராது. ஆகவே அந்தச் செல்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கு அரசு பணம் தந்தால் சட்டத்தை மீறியதாகாது. கருவை உடைப்பதற்கு மட்டும் வேறு யாராவது பணம் தர வேண்டும். புரிகிறதா, அன்பார்ந்தவர்களே? முன்கதவில் தனியார் கருவை உடைப்பார். பின்கதவில் அரசு காத்திருந்து செல்லை வாங்கிக்கொள்ளும். அரசின் கையில் இரத்தம் படவில்லை. தலைமைக் குருக்களின் அந்தக் கூட்டம் நினைவுக்கு வரவில்லையா?

2001இல் ஜார்ஜ் புஷ் அதிபரானார். சூலை 23 அன்று காஸ்தல் கந்தோல்ஃபோவில் அவரைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், ஆராய்ச்சிக்காக மனிதக் கருவை உருவாக்குவதும் அழிப்பதும் தீமை என்று நேருக்கு நேர் எடுத்துரைத்தார். அந்தச் செல்களால் குணமாகலாம் என்று பேசப்பட்ட நடுக்குவாத நோயோடுதான் திருத்தந்தை அன்று உட்கார்ந்திருந்தார் என்பதையும் நாம் மறக்க வேண்டாம். பதினேழு நாள் கழித்து, ஆகஸ்ட் 9 இரவு, புஷ் தொலைக்காட்சியில் தம் முடிவைச் சொன்னார். ஏற்கெனவே அழிக்கப்பட்ட கருக்களிலிருந்து வந்த செல் வரிசைகளுக்கு மட்டும் அரசுப் பணம் உண்டு. அந்த நாளுக்குப் பின் அழிக்கப்படும் எந்தக் கருவின் செல்லுக்கும் இல்லை. அறுபதுக்கு மேற்பட்ட வரிசைகள் இருப்பதாக அன்று சொன்னார். கடைசியில் பயன்பாட்டுக்கு வந்தவை இருபத்தொன்று அளவில்தான்.

அவர் நல்ல எண்ணத்தோடுதான் அந்தக் கோட்டைப் போட்டார் என்று நாம் நம்புகிறோம். புதிய கருக்களை அழிக்க ஊக்கம் தரக் கூடாது என்பது அவருடைய நோக்கம். இருந்தாலும் அமெரிக்க ஆயர்கள் அதை ஏற்கவில்லை. சிலரின் அழிவை நம்பி நிற்கும் ஆராய்ச்சிக்கு அரசு முதல்முறையாகப் பணம் தருகிறதே என்றார்கள். அன்று அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று பேசியவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கோடு எத்தனை நாள் நின்றது? 2006இலும் 2007இலும் அதை அழிக்க நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியது, இருமுறையும் புஷ் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தித் தடுத்தார். 2009 மார்ச் 9 அன்று ஒபாமா ஒரே கையெழுத்தில் அதை நீக்கினார். கருத்தரிப்பு மையங்களில் மீந்த கருக்களை, பெற்றோர் பணம் வாங்காமல் எழுத்து மூலம் சம்மதித்துக் கொடுத்திருந்தால், அவற்றின் செல்களுக்கு அரசுப் பணம் உண்டு என்று புதிய விதி வந்தது.

விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 ஆகஸ்டில் நீதிபதி ராய்ஸ் லாம்பெர்த் இந்தப் பணத்துக்குத் தடை விதித்தார். கருவை அழிக்காமல் இந்தச் செல் கிடைக்காது என்னும்போது, இரண்டையும் தனித்தனி ஆராய்ச்சியாக வெட்டிப் பிரிக்க முடியாது என்பது அவருடைய வாதம். சாதாரண மனிதனின் அறிவுக்கு இது சரியாகவே படுகிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 ஏப்ரலில் தடையை நீக்கியது. எப்படி? சட்டத்தில் கருக்கள் அழிக்கப்படும் ஆராய்ச்சி என்று நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறதாம். முன்பே நடந்து முடிந்த அழிவை அது குறிக்காதாம். மூன்று நீதிபதிகளில் இருவர் இப்படித் தீர்ப்புச் சொன்னார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. டிக்கி-விக்கர் திருத்தம் ஒருபுறம், பணம் மறுபுறம் என இரண்டும் சேர்ந்தே வாழ்ந்து வந்திருக்கின்றன. ஒரு மனித உயிரின் பாதுகாப்பு ஒரு வினைச்சொல்லின் காலத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது!

திருச்சபை இதற்கு என்ன சொல்கிறது? 2008 டிசம்பரில் வெளியான 'திஞ்ஞித்தாஸ் பெர்சோனே' என்ற ஆவணம் இந்தப் பின்கதவைப் பெயர் சொல்லியே எடுத்துப் பேசுகிறது. கருவை அழித்தவர் வேறு, ஆராய்ச்சி செய்பவர் வேறு, இருவருக்கும் தொடர்பில்லை என்றால் குற்றமில்லை என்று நெறிக் குழுக்கள் சொல்லி வந்தன. அது போதாது என்கிறது ஆவணம். நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும், அந்த அநீதியை நாம் ஏற்றுக்கொண்டோம் என்று உலகம் எண்ணும்படி நடப்பதிலிருந்து ஆராய்ச்சியாளர் விலக வேண்டும். பொது நிதி வரும்போது இன்னும் ஒரு படி ஏறுகிறது. தனியார் செய்தால் அது அவருடைய செயல். அரசு பணம் கொடுத்தால் அது நம் எல்லாருடைய பெயராலும் செய்யப்படும் செயல்.

இதைக் கேட்டதும் சிலர் மனம் பதறும். அப்படியானால் வரி கட்டியவர் எல்லாரும் பாவிகளா? இல்லை. சீசருடைய நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்த்த ஆண்டவர் வரி கட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. தீமையில் ஒத்துழைப்பு என்பதற்குப் படிகள் உண்டு. கருவை உடைப்பவர், அதற்கு ஏற்பாடு செய்பவர், சட்டம் இயற்றுபவர், செல்லை வாங்கி ஆராய்பவர், ஒன்றும் அறியாமல் வரி கட்டுபவர், பல ஆண்டு கழித்து மருந்தாக அதைப் பெறும் நோயாளி ஆகியோர் எல்லாரும் ஒரே படியில் நிற்பதில்லை. குழந்தையின் நலத்துக்காக, முறையற்ற வழியில் கிடைத்த செல்களில் தயாரான தடுப்பூசியைப் போடும் பெற்றோரையும், வேறு தடுப்பூசி கேட்கும் கடமையை நினைவூட்டிவிட்டு, அதே ஆவணம் புரிந்துகொள்கிறது. ஆகவே நோயாளியின் கட்டிலருகே போய் விரல் நீட்டுவது நம் வேலை அல்ல. வாக்குச் சீட்டும் வாயும் உள்ள குடிமக்களாக, நம் பெயரால் என்ன செய்யப்படுகிறது என்று கேட்பது நம் கடமை. கலிபோர்னியாவில் 2004இல் முந்நூறு கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு இந்த ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். மக்கள் ஆம் என்றார்கள். அங்கே நாங்கள் அறியோம் என்று யாரும் சொல்ல முடியாது.

நம் மக்களைப் பெரிதும் தடுமாற வைக்கும் வாதம் இன்னொன்று. அந்தக் கருக்கள் எப்படியும் சாகத்தானே போகின்றன, குப்பையில் போடுவதைவிட ஒரு நோயாளிக்குப் பயன்பட்டால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2003இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 4 இலட்சம் கருக்கள் உறைநிலையில் இருந்தன. இங்கே ஒரு தகவலைக் கவனியுங்கள். அவற்றில் ஆராய்ச்சிக்கென்று பெற்றோர் ஒதுக்கியிருந்தவை நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. மிகப் பெரும்பாலானவற்றைப் பெற்றோர் தங்கள் குடும்பத்துக்காகவே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அவை குப்பையாகத் தெரியவில்லை.

அடுத்து, சாகப் போகிறவர் என்பதால் ஒருவரைக் கொல்லும் உரிமை நமக்கு வந்துவிடாது. தூக்குத் தண்டனை பெற்றவருக்கு விடிந்தால் சாவு. அதற்காக இன்றிரவே அவர் இதயத்தை அறுத்து இன்னொருவருக்கு வைக்கலாமா? அவர் எப்படியும் சாவார்தான், ஆனால் கத்தியை எடுத்தது நாம் ஆகிவிடுவோம். உறைந்த கருக்களின் நிலை ஒரு பெரிய அநீதி என்றும், அதற்கு ஒழுங்கான தீர்வு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் திருச்சபையே மனம் நொந்து சொல்லியிருக்கிறது. தீர்வு தெரியாத நிலையில்தான் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1996லேயே அறிவியலாளரைப் பார்த்து, மனிதக் கருக்களை உற்பத்தி செய்வதையே நிறுத்துங்கள் என்று கேட்டார்.

நம் பக்கத்து வாதம் ஒன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. கருவின் ஸ்டெம் செல்லால் இதுவரை ஒருவர்கூடக் குணமாகவில்லை, ஆகவே அது வேண்டாம் என்று கத்தோலிக்கர் பல ஆண்டுகள் பேசி வந்தார்கள். இன்னும் சிலர் பேசுகிறார்கள். இதைக் கைவிடுவது நல்லது. 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இரு சோதனைகளின் முடிவுகள் சேர்ந்து வந்தன, இரண்டும் நடுக்குவாதத்துக்கானவை. ஒன்றில் பன்னிரண்டு நோயாளிகளின் மூளையில் கருவிலிருந்து வந்த செல்கள் வைக்கப்பட்டன. அந்தச் செல்கள் தாம்சன் 1998இல் உருவாக்கிய அதே வரிசைகளில் ஒன்றைச் சேர்ந்தவை. சோதனை சிறியதுதான், முதல் கட்டம்தான். ஆனால் பெரிய ஆபத்தின்றி நடந்தது, சிலருக்கு முன்னேற்றமும் தெரிந்தது. நாளை இது முழு மருந்தாகவே வரலாம். பலன் இல்லை என்பதை மட்டும் நம்பி நின்றவர் அன்று என்ன சொல்வார்? நன்மை விளையட்டும் என்று தீமை செய்யலாமா என்ற கேள்வியைப் பவுல் உரோமையருக்கு எழுதும்போதே கேட்டுவிட்டார். பலன் வரும்போதுதான் அந்தக் கேள்விக்கு உண்மையான எடை வருகிறது.

அதே இதழில் வந்த மற்றச் சோதனை ஜப்பானின் கியோட்டோவில் நடந்தது. அங்கே ஏழு நோயாளிகளுக்கு வைத்த செல்கள் எந்தக் கருவையும் அழித்து எடுத்தவை அல்ல. ஷின்யா யமனாக்கா என்ற மருத்துவர் 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், சாதாரணத் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி, கருவின் செல்போல ஆக்கும் வழியைக் கண்டார். ஐ.பி.எஸ். செல் என்கிறார்கள். 2012இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கத்தோலிக்கர் என்பதால் இதைச் செய்தார் என்று எண்ணிவிடாதீர்கள், அப்படி இல்லை. நண்பரின் மருத்துவமனையில் ஒருநாள் நுண்ணோக்கி வழியே ஒரு கருவைப் பார்த்தாராம். இதற்கும் என் பெண் பிள்ளைகளுக்கும் என்ன பெரிய வேறுபாடு என்று மனதில் பட்டதாம். வேறு வழி இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கியதாகப் பின்னர் ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். கரு ஆராய்ச்சியில் மற்றவர்கள் கண்டறிந்த அறிவும் அவருக்கு உதவியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசின் பணம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கேட்டால், கைகாட்ட நம்மிடம் ஒரு திசை இருக்கிறது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். செயற்கைக் கருத்தரிப்பு மையம் இல்லாத பெரிய நகரம் இன்று தமிழ்நாட்டில் இல்லை. 2021இல் நடுவண் அரசு இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி கருக்களைப் பத்தாண்டுகள் வரை உறைநிலையில் வைக்கலாம். அதன்பின் அவற்றை அழிய விட வேண்டும், அல்லது தம்பதியரின் சம்மதத்தோடு பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்கும்போது கையெழுத்துப் போடப் போவது அமெரிக்க அதிபர் அல்ல. நம் அன்பியங்களில் நமக்குப் பக்கத்தில் அமர்ந்து செபமாலை சொல்லும் ஒரு கணவனும் மனைவியும்தான்.

குழந்தை இல்லையே என்று உறவினர் வாயால் பட்ட பாட்டில் அந்த மையத்துக்குப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகளும் நம் மறைக்கல்வி வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் மற்ற எந்தப் பிள்ளையையும்விட ஓர் இம்மியும் குறைந்தவர்கள் அல்லர். இனிமேல் போக நினைப்பவர்கள் முதலில் வந்து பேசுங்கள். கருவை உடலுக்கு வெளியே உருவாக்காத, திருச்சபை மனமார வரவேற்கும் சிகிச்சைகளும் இருக்கின்றன. ஏற்கெனவே போய்வந்து, உறைநிலையில் கருக்கள் இருப்பவர்கள், சேமிப்பைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும்போது அந்தப் படிவத்தை முழுவதும் வாசியுங்கள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதம் என்ற வரி இருந்தால், பணிப்பெண் பேனாவை நீட்டுகிறார் என்பதற்காக அங்கேயே கையெழுத்திட வேண்டாம். ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். இருவருமாக உங்கள் பங்குத்தந்தையிடம் வாருங்கள். எத்தனை கருக்கள், எந்த ஆண்டு, ஏன் போனீர்கள் என்று அவர் விசாரணை நடத்தப் போவதில்லை. படிவத்தை மட்டும் கையோடு எடுத்து வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து வாசிப்போம்.